விற்பது ஒருவன், சுமப்பது ஒருவன்: பார்சல் கம்பெனி சேல்ஸில் எட்டு வருடம்

பார்சல் கம்பெனியில் சேல்ஸ் வேலை என்று சொன்னால், கேட்கிறவர்களில் பாதிப் பேர் நான் வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர், "இதற்கு எதற்கு சேல்ஸ்? அனுப்ப வேண்டியவன் தானே வருவான்" என்கிறார்கள். வருவான். கவுன்டருக்கு வந்து ஒரு பார்சல் கொடுத்துவிட்டுப் போவான். தினமும் இருநூறு பார்சல் அனுப்புகிற நிறுவனம் அப்படி வராது, அது ஏற்கெனவே வேறு யாரிடமோ கொடுத்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து பிரித்து நம் பக்கம் கொண்டுவருவதுதான் வேலை. எட்டு வருடமாக இதைச் செய்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று அடிபட்ட இடங்களை மட்டும் எழுதுகிறேன். பாராட்டு வாங்கிய கதைகளும் கொஞ்சம் உண்டு, அவற்றால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

முதலில் பிடிபட வேண்டியது, நம்மிடம் கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருளும் கிடையாது. நாளைக்கு நடக்கப்போகிற ஒரு காரியத்தை இன்றைக்கு விற்கிறோம், அதையும் நடத்தப்போவது நாம் இல்லை. கஸ்டமரிடம் போய்ப் பார்சல் வாங்கி வருகிற, அதாவது பிக்கப் எடுக்கிற பையன், பார்சல் எல்லாம் வந்து சேர்கிற ஹப்பில் ராத்திரி இரண்டு மணிக்கு ஊர்வாரியாகப் பெட்டி பிரிக்கிறவர்கள், விடிய விடிய லாரி ஓட்டுகிறவர், கடைசியில் லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் நான்காவது மாடி ஏறுகிற டெலிவரி ஆள், இத்தனை பேரின் வேலைக்கும் சேர்த்து நான் ஏசி அறையில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன். அவர்களில் ஒருவர் பெயர்கூட முதல் ஒரு வருடம் எனக்குத் தெரியாது.

அதன் பலன் முதல் பெரிய கஸ்டமரிடமே கிடைத்தது. ஆன்லைனில் துணி விற்கிறவர்கள், தினம் நூற்றெண்பது பார்சல். "சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டி அனுப்பினால் ஓகே" என்றார்கள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, "தாராளமாக சார்" என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். வண்டியையும் ஹப்பையும் நடத்துகிற ஆபரேஷன்ஸ் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஹப்பிலிருந்து வெளியூர் லாரி கிளம்புவது எட்டரைக்கு. அதில் ஏற வேண்டிய சரக்கு ஏழரைக்குள் ஹப்புக்குள் வந்தாக வேண்டும், அதற்கு கட்-ஆஃப் என்று பெயர். ஏழு மணிக்குப் போன வண்டி ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டு வந்து சேர எட்டே கால். கையில் கிடைத்ததை லாரியில் ஏற்றுவார்கள், மீதி அப்படியே தரையில் கிடக்கும், மறுநாள் லாரிக்கு. ஆக, தினமும் பாதிப் பார்சல் ஒரு நாள் தாமதம். பத்து நாளில் கஸ்டமர் கத்தினார், நான் போய் ஹப் சூப்பர்வைசரிடம் கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "தம்பி, லாரி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது. "இன்றைக்கு ராத்திரி இங்கேயே இருங்கள்" என்றார்.

இருந்தேன். இந்த வேலையில் நான் கற்றதில் பாதி அந்த ஒரு ராத்திரியில் கற்றது. "உடையும் பொருள், கவனம்" என்ற ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி கன்வேயரில் வருகிறது. பிரிக்கிற ஆள் பார்ப்பது அட்ரஸ் லேபிளில் உள்ள, எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்கிற ரூட் கோடை மட்டும்தான். ஒரு பெட்டிக்கு அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி, அதில் ஸ்டிக்கரை எங்கே படிப்பது? மேல்நோக்கி அம்புக்குறி போட்ட பெட்டி பக்கவாட்டில் படுத்துக்கொண்டு போகிறது. லாரியில் அடுக்கும்போது கனமானது கீழே, லேசானது மேலே என்பதுதான் விதி. ஆனால் கனமான பெட்டி கடைசியில் வந்தால் அது எங்கே போகும்? மேலேதான் போகும். அன்றிலிருந்து எந்தக் கஸ்டமரிடமும், "ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் சார், பத்திரமாகப் போய்விடும்" என்று நான் சொல்வதில்லை. "உங்கள் பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து நாமே ஒருதடவை கீழே போட்டுப் பார்ப்போம், உள்ளே இருப்பது தாங்கினால் அனுப்புங்கள்" என்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். போட்டுப் பார்த்தவர்கள் பேக்கிங்கை மாற்றியிருக்கிறார்கள்.

அந்தத் துணிக் கம்பெனி விஷயம் கடைசியில் சுலபமாகத்தான் முடிந்தது. பிக்கப்பை இரண்டாகப் பிரித்தோம், நாலரைக்கு ஒன்று, ஆறேகாலுக்கு ஒன்று. மதியம் வரை வந்த ஆர்டர் முதல் வண்டியில் போய்விடும். தாமதம் நின்றது. முதல் நாளே ஹப்புக்கு ஒரு போன் போட்டிருந்தால் பத்து நாள் திட்டு மிச்சமாகியிருக்கும். இப்போது எந்தக் கொட்டேஷன் போடுவதற்கு முன்பும் நான் தெரிந்துகொள்வது மூன்று: அந்த ஏரியாவுக்குக் கடைசி பிக்கப் எத்தனை மணி, கட்-ஆஃப் எத்தனை மணி, அங்கே கூடுதல் சரக்கு எடுக்க வண்டியில் இடம் இருக்கிறதா. ரேட் அப்புறம்தான்.

அடுத்து, இந்தத் துறையில் அதிகச் சண்டை வருகிற இடம், எடை. வால்யூமெட்ரிக் வெயிட் என்று ஒன்று உண்டு. லாரியிலும் விமானத்திலும் எடையைப் போலவே இடமும் தீர்ந்துபோகிற சரக்கு, அதனால் பெட்டியின் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுத்தால் வருகிற கிலோவையும், தராசு காட்டுகிற கிலோவையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கு பில் போடுவார்கள். கூரியர், எக்ஸ்பிரஸ் கம்பெனிகளில் 5000 பரவலான கணக்கு, சாதாரண ஏர் கார்கோவில் 6000. இதைச் சொல்லாமல் விற்கிற சேல்ஸ் ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அப்படி விற்றவன்தான், மறைக்க வேண்டும் என்று இல்லை, சொன்னால் டீல் போய்விடுமோ என்ற பயம்.

தலையணை, மெத்தை உறை விற்கிற ஒருவர். அவருடைய பெட்டி 60, 40, 40 சென்டிமீட்டர். தராசில் 6 கிலோ. முதல் மாத பில்லை மேஜையில் போட்டுவிட்டு, "ஆறு கிலோவுக்கு ரேட் பேசினோம், இருபத்து மூன்று கிலோவுக்கு பில் வந்திருக்கிறது, இது என்ன கொள்ளை?" என்றார். எனக்கே முதலில் புரியவில்லை. 60 பெருக்கல் 40 பெருக்கல் 40, தொண்ணூற்றாறாயிரம், 5000-ஆல் வகுத்தால் 19.2 கிலோதானே வர வேண்டும்? டேப் எடுத்துக்கொண்டு அவருடைய கோடவுனில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டியைப் பார்த்ததும் புரிந்தது. தலையணையை அமுக்கித் திணித்திருந்தார்கள், எல்லாப் பக்கமும் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. ஹப்பில் அளக்கிற மெஷின் பெட்டியின் மூலையை அளக்காது, அதிகம் துருத்திக்கொண்டிருக்கிற இடத்தை அளக்கும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டர் கூடினாலே 63, 43, 43. கணக்குப் போட்டால் 23.3 கிலோ. ஆக, அந்த உப்பலுக்கு மட்டும் நாலு கிலோ.

அங்கேயே ஒரு தலையணையைக் காற்றை வெளியேற்றி உறையில் போட்டு, உயரத்தை 30-க்குக் குறைத்துப் பார்த்தோம். 14.4 கிலோ. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் பேக்கிங் ஆட்களைக் கூப்பிட்டார். ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும், அவர் பெட்டியைச் சின்னதாக்கினால் என் பில்லிங் குறையும், என் டார்கெட்டுக்கு அது நஷ்டம். மேனேஜர் அதைக் கேட்டு முறைத்தார். ஆனால் அந்தக் கஸ்டமர் ஆறு வருடமாக இருக்கிறார், பில்லைப் பற்றி மறுபடி ஒரு சண்டை கிடையாது. இப்போதெல்லாம் முதல் சந்திப்புக்கே பையில் டேப் எடுத்துக்கொண்டு போகிறேன். கஸ்டமர் எதிரிலேயே அவருடைய மூன்று பெட்டிகளை அளந்து கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் ரேட் கார்டைத் திறப்பேன்.

சரி, கஸ்டமர் சொல்கிற பொய்க்கு வருவோம். "மாதம் மூவாயிரம் பார்சல் போகும், நல்ல ரேட் போடுங்கள்." ஒவ்வொருவரும் சொல்வது. மூவாயிரத்துக்கான ரேட்டை மேலே போய்க் கெஞ்சி வாங்கிக் கொடுத்தால், மாதக் கடைசியில் நானூறு வரும். கேட்டால், "சீசன் டல் தம்பி." இதற்கு நான் கண்டுபிடித்த வழி பேச்சில் இல்லை, பார்வையில். அவர்கள் பேக் செய்கிற இடத்தை ஒருதடவை பார்க்க வேண்டும் என்று கேட்பேன். பேக்கிங் மேஜை எத்தனை, ஆள் எத்தனை, லேபிள் பிரின்டர் எத்தனை, மூலையில் டேப் ரோல் எத்தனை அடுக்கியிருக்கிறது. இரண்டு பேர் ஒரே மேஜையில் நின்றுகொண்டு தினம் நூறு பார்சல் அனுப்பலாம், முந்நூறு அனுப்ப முடியாது. அப்புறம் இப்போது யாரிடம் கொடுக்கிறார்களோ அவர்களின் மூன்று மாத பில்லைக் கேட்பேன், ரேட்டை மறைத்துவிட்டே கொடுங்கள், எனக்கு எண்ணிக்கையும் ஊர்களும் போதும் என்று. கொடுக்க மறுக்கிறவரிடம் பெரிய எண்ணிக்கையை எதிர்பார்ப்பதில்லை. ரேட்டையும் ஒரே எண்ணாகக் கொடுக்காமல், இத்தனை பார்சல் வரை இது, அதற்கு மேல் போனால் இது என்று ஸ்லாபாக எழுதிக் கொடுத்துவிட்டால், பொய் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பில் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

எண்ணிக்கையைவிட மோசம், எந்த ஊருக்கு என்பது. ஒரு கஸ்டமர் சொன்ன எண்ணிக்கையைச் சொன்னபடியே கொடுத்தார், நான் குஷியாக இருந்தேன். மூன்று மாதம் கழித்து ஆபரேஷன்ஸில் இருந்து ஒரு ஷீட் வந்தது. அவர் கொடுத்ததில் முக்கால்வாசி கடைக்கோடி கிராமங்கள், மலைப்பாதை, ஒரு பார்சலுக்காக டெலிவரி ஆள் அரை நாள் போய்வர வேண்டிய இடங்கள். பெரிய நகரங்களுக்குப் போகிற சுலபமான பார்சல் எல்லாம் விலை குறைந்த வேறொரு கம்பெனிக்கு. எலும்பு நமக்கு, சதை அவர்களுக்கு. அவர் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன், வியாபாரி அப்படித்தான் யோசிப்பார். எல்லா ஊருக்கும் ஒரே ரேட் என்று எழுதிக் கொடுத்தது நான். இப்போது தூர இடங்களுக்கான கூடுதல் கட்டணத்தை, அதாவது சர்சார்ஜை, ஒப்பந்தத்தில் தனி வரியாக வைக்காமல் கையெழுத்து வாங்குவதில்லை.

பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவும் கூச்சப்படக் கூடாது. "எலக்ட்ரானிக்ஸ்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் விட்டுவிடாதீர்கள், பேட்டரி உண்டா, தனியாகவா, சாதனத்துக்குள்ளேயா என்று கேளுங்கள். தனியாகப் பேக் செய்த லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது. சரக்கு விமானத்தில் போனாலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. செண்ட், நெயில் பாலிஷ், ஸ்ப்ரே டப்பா எல்லாம் பெரும்பாலும் தீப்பிடிக்கிற சரக்கு வகை. நான் ஒருதடவை கேட்காமல் விட்டேன், கஸ்டமரின் நாற்பது பெட்டி விமான நிலைய ஸ்கேனிங்கில் நின்று, நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தது. செண்ட் பாட்டில்கள். அவர், "நீங்கள் கேட்கவே இல்லையே" என்றார். உண்மைதான்.

பார்சல் தொலைந்தால் என்ன ஆகும் என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். இதை எழுதும்போதே பல சீனியர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், கல்யாண வீட்டில் சாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி என்பார்கள். ஆனால் பார்சல் தொலையாத கம்பெனி எங்கும் கிடையாது. பொருளின் முழு விலையும் தானாகக் கிடைக்கும் என்றுதான் எல்லாக் கஸ்டமரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெளிநாட்டுக்கு விமானத்தில் போகிற சரக்குக்கு 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைதான் பெரும்பாலும் பொருந்தும். அதில் இழப்பீட்டு உச்சவரம்பு எடைக்குத்தான், விலைக்கு இல்லை. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர், அதாவது சர்வதேச நாணய நிதியம் மதிப்புச் சொல்கிற ஒரு கணக்கு அலகு. அதற்கு முன் 22 ஆக இருந்தது. 400 கிராம் எடையுள்ள ஒரு விலை உயர்ந்த போன் தொலைந்தால் 26-ஐ 0.4-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 10.4 எஸ்.டி.ஆர். போனின் கவர் வாங்கத்தான் காணும். அனுப்பும்போதே மதிப்பை விசேஷமாக அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டியிருந்தால்தான் அந்த வரம்பைத் தாண்டலாம், அல்லது தனியாக இன்ஷூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். சேதமாக வந்து சேர்ந்த சரக்குக்கு, கைக்குக் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. உள்நாட்டுப் பார்சலுக்கு ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற நிபந்தனைகளைத்தான் கம்பெனி எடுத்துக் காட்டும், அதை நீங்கள் ஒருதடவை பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துவிடுங்கள், கஸ்டமர் படிக்க மாட்டார்.

இதை முன்கூட்டியே சொன்னதால் நான் இழந்த கஸ்டமர் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றிரண்டு பேர்தான். சொல்லாமல் விட்டதால் இழந்தவர்கள் அதைவிட அதிகம், அவர்கள் சும்மாவும் போகவில்லை, பத்து பேரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

காசு வாங்கிக்கொண்டு டெலிவரி செய்கிற பார்சல், அதாவது சிஓடி, தனித் தலைவலி. ஆர்டர் போட்டவன் மனம் மாறி வாங்க மறுத்தால் பார்சல் திரும்பி வரும், போன செலவு, வந்த செலவு இரண்டும் அனுப்பியவர் தலையில். அவர் கோபம் நம் மேல் திரும்பும், பல நேரம் நியாயமாகத்தான். ஏனென்றால் சில டெலிவரி ஆட்கள் போகாமலேயே "கஸ்டமர் வீட்டில் இல்லை" என்று போட்டுவிடுவது உண்டு. இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு நாளைக்கு அவர்கள் தலையில் கட்டுகிற பார்சல் எண்ணிக்கையைப் பார்த்தால் ஏன் என்பதும் புரியும், அது வேறு கதை. புகார் வந்தால் நான் செய்வது, "எங்கள் ஆள் போயிருக்கிறார் சார்" என்று கிளிப்பிள்ளை போலச் சொல்லாமல், அந்த ஸ்கேன் எந்த இடத்தில் நின்று போடப்பட்டது, வாங்குபவருக்குப் போன் போனதா என்ற இரண்டையும் எடுத்துப் பார்ப்பேன். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்று போட்டிருந்தால், தப்பு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டு மறுநாள் காலையில் முதல் டெலிவரியாக அனுப்பச் சொல்வேன்.

வசூலைப் பற்றி யாரும் இன்டர்வியூவில் சொல்ல மாட்டார்கள். விற்றவனே பணத்தையும் வாங்கி வர வேண்டும். மாதக் கடைசியில் ஒரு கையில் டார்கெட், இன்னொரு கையில் அவுட்ஸ்டாண்டிங் லிஸ்ட், அதாவது யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியல். காலையில் ஒரு கஸ்டமரிடம் "இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாகப் பார்சல் கொடுங்கள் சார்" என்று கெஞ்சிவிட்டு, மாலையில் அதே ஆளிடம் "பாக்கியைக் கட்டாவிட்டால் பிக்கப் நிற்கும்" என்று மிரட்ட வேண்டும். இந்த இரண்டு குரலும் ஒரே தொண்டையிலிருந்து வர வேண்டும். ஐந்நூறு பார்சலில் ஒன்று தொலைந்தால், ஐந்நூறுக்கான பில்லையும் பிடித்து வைத்துக்கொள்வது கஸ்டமர்களின் வழக்கம். வாதாடிப் பயனில்லை. தகராறு உள்ள வரிகளை மட்டும் ஒரு தாளில் தனியாக எழுதி, "இந்த ஏழு பார்சலை ஒதுக்கி வைப்போம், இதற்கு நான் பொறுப்பு, மீதியை இன்று விடுங்கள்" என்பேன். பெரும்பாலும் விடுவார்கள். ஆனால் அந்த ஏழுக்கும் சொன்ன தேதியில் பில்லில் கழித்துக் கொடுக்கிற கிரெடிட் நோட்டோ பதிலோ போய்ச் சேர வேண்டும், ஒருதடவை ஏமாற்றினால் அடுத்த மாதம் அந்தத் தாளை உங்கள் முன்னாலேயே கிழித்துப் போடுவார்கள்.

ரேட்டுக்காக ஓடிப்போகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு வருடம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கஸ்டமர், வயதில் பெரியவர், ஒருநாள் கூப்பிட்டு, "தம்பி, வேறொருத்தன் எட்டு சதவீதம் குறைத்துத் தருகிறான், நீ என்ன சொல்கிறாய்?" என்றார். மேலே கேட்டேன், மூன்றுக்கு மேல் இறங்க மாட்டோம் என்றார்கள். மூன்று என்று சொல்லிவிட்டு, ஒன்று மட்டும் கேட்டேன்: "அண்ணே, அவர்கள் ரேட்டில் ஃப்யூயல் சர்சார்ஜ் உள்ளேயா, வெளியேயா? தூர ஊருக்கு எவ்வளவு? பெட்டி அளவை எந்த எண்ணால் வகுக்கிறார்கள்? இதை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்." அவர் கேட்கவில்லை. போய்விட்டார். அந்தக் காலாண்டு என் டார்கெட் படுத்துவிட்டது, மீட்டிங்கில் நான் வாங்கியதை இங்கே எழுத முடியாது.

போனவர்களைச் சபிக்கக் கூடாது என்பதை மட்டும் கடைப்பிடித்தேன். மாதம் ஒரு போன், வியாபாரம் பேசாமல். பண்டிகை சீசன் தொடங்குவதற்கு முன், "இந்தத் தடவை எல்லா ஹப்பும் நிரம்பி வழியும் அண்ணே, அவசர சரக்கு இருந்தால் ஒரு வாரம் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், யார் மூலமாக அனுப்பினாலும் சரி" என்று சொன்னேன். ஏழாவது மாதம் அவரே கூப்பிட்டார். மூன்று மாத பில்லைப் பரப்பி வைத்திருந்தார், பக்கத்தில் கால்குலேட்டர். எட்டு சதவீதம் எந்தெந்த வரியில் திரும்பி ஏறியிருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.

"அதை உள்ளே வை, என் பெட்டி மாறவில்லை" என்றார். "வண்டி ஆறேகாலுக்குத்தானே வரும்?"

"கேட்டுச் சொல்கிறேன் அண்ணே" என்று ஹப்புக்குப் போன் போட்டேன்.